அணு உலைக்கு இன்னும் 20 ஆண்டு: பொதுமக்களின் சொல்லுக்கு எங்கே இடம்?

ஓர் அணுமின் நிலையம் கட்டப்படும்போது எழும் எதிர்ப்பும் ஆதரவும் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால், 40 ஆண்டுகள் ஓடிய உலைக்கு “இன்னும் 20 ஆண்டு ஓடட்டும்” என்று அனுமதி கொடுக்கும்போது அக்கம்பக்கத்து மக்களை யார் கேட்பது? கேட்டால், அவர்கள் சொல்வது எந்த ஏட்டில் ஏறும்? அதனால் ஏதும் மாறுமா?

இந்தக் கேள்விகளுக்கு எழுத்து வடிவில் விதி வகுத்து, 25 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வரும் நாடு அமெரிக்கா. அங்கு இன்று இயங்கும் உலைகள் 90க்கும் மேல். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அவை தருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒருமுறையாவது உரிமத்தைப் புதுப்பித்துக் கொண்டவை. அந்த நடைமுறையில் பொதுமக்களுக்கு எங்கே கதவு திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

40 ஆண்டு என்பது என்ன கணக்கு?

அமெரிக்காவின் 1954ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம் ஓர் உலைக்கு முதலில் 40 ஆண்டு வரை உரிமம் வழங்க இடமளிக்கிறது. உலை 40 ஆண்டில் தேய்ந்துவிடும் என்ற பொறியியல் கணக்கில் வந்த எண் அல்ல இது. முதலீட்டைத் திரும்ப எடுக்கும் காலம், தனியார் ஆதிக்கத்தைத் தடுக்கும் நோக்கம் போன்ற பொருளாதாரக் காரணங்களால் முடிவான எண். ஆகவே, காலம் முடியும்போது 20 ஆண்டு வரை நீட்டிப்புக் கேட்க நிறுவனத்திற்கு வழி உண்டு. அதுவும் முடிந்தால் மீண்டும் ஒரு 20 ஆண்டு கேட்கலாம். அப்படி மொத்தம் 80 ஆண்டுக்கு அனுமதி பெற்ற உலைகளும் இப்போது உள்ளன.

விண்ணப்பத்தை ஆராய்வது அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். ஆய்வு இரண்டு தடங்களில் நடக்கும். முதலாவது பாதுகாப்பு: பழைய குழாய், காங்கிரீட், மின்கம்பி ஆகியவை முதுமை அடைவதை நிறுவனம் எப்படிக் கண்காணிக்கப் போகிறது என்பது. இரண்டாவது சுற்றுச்சூழல்: ஆறு, கடல், நிலத்தடி நீர், மீன், பறவை, பழங்காலச் சின்னம், சுற்றி வாழும் மக்கள் ஆகியோர்க்கு இன்னும் 20 ஆண்டில் என்ன நேரும் என்பது. பொதுமக்களின் கருத்துக்கு அதிக இடம் இருப்பது இந்த இரண்டாவது தடத்தில்தான்.

ஒரு வழக்கு தந்த உரிமை

இந்த உரிமை தானாக வந்துவிடவில்லை. தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் அதிபர் நிக்சன் 1970 ஜனவரி 1ஆம் தேதி கையெழுத்திட்டார். பெரிய திட்டம் எதற்கும் அனுமதி தரும் முன், அதன் சுற்றுச்சூழல் பாதிப்பையும் மாற்று வழிகளையும் அரசாங்கம் எழுதிக் காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். அன்றைய அணுசக்தி ஆணையமோ அதைப் பெயருக்குப் பின்பற்றவே முனைந்தது.

மேரிலாந்து மாநிலத்தில் கால்வெர்ட் கிளிஃப்ஸ் அணுமின் நிலையத்தை எதிர்த்த குழு ஒன்று நீதிமன்றம் சென்றது. 1971இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்குழுவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சுற்றுச்சூழல் அறிக்கை கோப்போடு கோப்பாக வெறுமனே பயணம் செய்யும் தாளாக இருக்கக்கூடாது, முடிவு எடுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் எடைபோடப்பட வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

அதே கால்வெர்ட் கிளிஃப்ஸ்தான் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவிலேயே முதன்முதலாக உரிம நீட்டிப்புப் பெற்ற நிலையம். எதிர்த்தவர்கள் உலையை நிறுத்தவில்லை. ஆனால் அவர்கள் வாங்கித் தந்த விதிப்படியே அதன் நீட்டிப்பும் ஆராயப்பட்டது.

மக்கள் பேசும் கட்டங்கள்

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் அரசிதழில் அறிவிப்பு வரும். அதன் பிறகு நடப்பவை இவை:

1. எல்லை வகுக்கும் கட்டம். ஆய்வில் எதை எல்லாம் பார்க்க வேண்டும் என்று மக்களிடம் கேட்பது இது. நிலையத்தின் அருகில் அல்லது இணையம் வழியாகக் கூட்டம் நடக்கும். பேசுவது பதிவு செய்யப்படும். கடிதமாகவும், அரசாங்க அகப்பக்கம் வழியாகவும் கருத்து அனுப்பலாம். அறிக்கை எழுதத் தொடங்கும் முன்பே சொல்வதால், இந்தக் கட்டத்தில் சொல்லும் சொல்லுக்கு வலு அதிகம். ஆனால் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

2. வரைவு அறிக்கை. ஆணையத்தின் அதிகாரிகள் தயாரித்த வரைவு வெளியிடப்படும். கருத்துச் சொல்லக் குறைந்தது 45 நாள் தர வேண்டும் என்பது விதியாக இருந்து வந்துள்ளது. இங்கும் கூட்டம் நடக்கும்.

3. இறுதி அறிக்கை. வந்த கருத்துகளும் அவற்றுக்கு ஆணையம் தரும் பதிலும் இதில் இடம்பெறும். ஒரு கருத்தை ஏற்றால் அறிக்கையில் எங்கே திருத்தம் செய்தார்கள் என்றும், ஏற்காவிட்டால் ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

காலக்கெடு முடிந்த பிறகு வரும் கடிதத்தை, “முடிந்தால் பார்ப்போம்” என்ற அளவில்தான் எடுத்துக் கொள்வார்கள். பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அனுப்பும் கடிதம் அப்படியே பொது ஆவணமாகிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. வீட்டு முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றை உள்ளே எழுதினால் உலகமே படிக்கும்.

பொதுப் பிரச்சினை, இடத்துப் பிரச்சினை

இந்த நடைமுறையில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நிலையத்திற்கும் எல்லாவற்றையும் புதிதாக ஆராய்ந்தால் காலமும் பணமும் விரயம் என்று கருதிய ஆணையம், 1996இல் எல்லா நிலையங்களுக்கும் பொதுவான ஓர் அறிக்கையை வெளியிட்டது. அதில் 92 பிரச்சினைகள் பட்டியலிடப்பட்டன. அவற்றில் 69 எல்லா இடத்திலும் ஒரே மாதிரியானவை, பாதிப்பும் சிறியது என்று முடிவு கட்டப்பட்டது. மீதமுள்ளவற்றில் பெரும்பாலானவற்றை மட்டும் அந்தந்த இடத்திற்குத் தனியாக ஆராய்ந்தார்கள். அந்த அறிக்கை 2013இலும் 2024இலும் திருத்தப்பட்டது.

இதனால் என்ன ஆகிறது? பொதுப்பட்டியலில் அடைத்துவிட்ட ஒரு விஷயத்தைப் பற்றி எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், “அது ஏற்கெனவே முடிந்த விஷயம்” என்று பதில் வரும். அதைத் திறக்க ஒரே சாவி, “புதிய, முக்கியமான தகவல்”. முந்தைய ஆய்வு பார்க்காத ஒன்றை, முடிவை மாற்றக்கூடிய ஒன்றை ஆதாரத்தோடு காட்டினால், ஆணையம் அதை ஆராய வேண்டியிருக்கும்.

வேறு சில விஷயங்கள் முற்றிலும் வெளியே நிற்கின்றன. அவசரகால வெளியேற்றத் திட்டம், பயங்கரவாதத் தாக்குதலுக்கு எதிரான காவல், இன்றைய அன்றாட இயக்கக் குறைகள் ஆகியவை தொடர் கண்காணிப்பில் பார்க்கப்படுபவை என்பது ஆணையத்தின் நிலை. இந்த மின்சாரம் தேவையா, கட்டணம் ஏறுமா இறங்குமா என்பதும் அப்படித்தான். அதை மாநில அரசும் மின் நிறுவனமும் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆணையம் கேட்டுக் கொள்ளும் கேள்வி ஒன்றே: உலையைத் தொடர்ந்து ஓட்டும் வாய்ப்பையே மறுக்கும் அளவுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு பெரியதா?

கருத்து வேறு, வழக்காடுவது வேறு

கருத்துச் சொல்ல யாராலும் முடியும். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் வேண்டாம், அருகில் குடியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் ஆணையம் பதில் எழுதிவிட்டால் அதோடு முடிந்தது.

அதைவிட வலுவான வழி, விசாரணை கேட்பது. அரசிதழ் அறிவிப்பு வந்து பொதுவாக 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். சட்ட அறிவும் தொழில்நுட்ப அறிவும் உள்ள மூவர் கொண்ட குழு அதைக் கேட்கும். மனுதாரருக்கு நேரடிப் பாதிப்பு உண்டா என்று முதலில் பார்ப்பார்கள். நிலையத்திலிருந்து 50 மைல், அதாவது சுமார் 80 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு அது உண்டு என்றே பல வழக்குகளில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. அதன் பிறகு, ஒவ்வொரு குற்றச்சாட்டையும் நிபுணர் கூற்றோடும் ஆவணத்தோடும் வைக்க வேண்டும். இங்கேயே பல மனுக்கள் விழுந்துவிடுகின்றன.

சுருக்கமாகச் சொன்னால், கருத்துக் கூட்டம் அகலமான வாசல், ஆனால் உள்ளே தூரம் போகாது. விசாரணை ஒடுக்கமான வாசல், நுழைந்தவரை அவ்வளவு எளிதில் வெளியே தள்ள முடியாது.

சொல் பலித்த இடங்கள், பலிக்காத இடங்கள்

*டர்க்கி பாயின்ட், ஃபுளோரிடா.* மயாமி நகருக்குத் தெற்கே உள்ள இந்த நிலையம், உலையைக் குளிர்விக்கும் நீரைச் சுமார் 270 கிலோமீட்டர் நீளமுள்ள வாய்க்கால்களில் சுற்றவிடுகிறது. அந்த நீரின் உப்பு நிலத்தடியில் கசிந்து, தென் ஃபுளோரிடாவின் குடிநீருக்கு ஆதாரமான நீர்ப்படுகையை நோக்கி நகர்ந்தது. 2019 டிசம்பரில் இந்நிலையம், அமெரிக்காவில் முதன்முறையாக 80 ஆண்டு வரையிலான உரிமத்தைப் பெற்றது. சுற்றுச்சூழல் அமைப்புகள் ஒரு நுணுக்கமான கேள்வியை எழுப்பின: 2013ஆம் ஆண்டின் பொது அறிக்கை முதல் நீட்டிப்புக்காக எழுதப்பட்டது, அதை வைத்து இரண்டாம் நீட்டிப்பை எப்படி வழங்கலாம்?

ஆணையம் 2020இல் அதை ஏற்கவில்லை. 2022 பிப்ரவரியில் அதே ஆணையம் தன் முடிவைத் திருப்பிக் கொண்டது. உரிமத்தின் முடிவுத் தேதி 2052, 2053 என்பதிலிருந்து 2032, 2033 எனக் குறைக்கப்பட்டது. பொது அறிக்கை திருத்தப்பட்டது. டர்க்கி பாயின்டுக்குத் தனி ஆய்வு நடந்தது, மக்களுக்கு இன்னொரு கருத்துச் சுற்றும் கிடைத்தது. 2024இல் பழைய தேதிகள் திரும்பக் கொடுக்கப்பட்டன. உலை நிற்கவில்லை. ஆனால் விட்டுப்போன ஆய்வைச் செய்யாமல் யாரும் தாண்ட முடியவில்லை.

*இந்தியன் பாயின்ட், நியூயார்க்.* ஹட்சன் ஆற்றங்கரையில், நியூயார்க் நகருக்கு வடக்கே இருந்த நிலையம் இது. 2007இல் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தது. குளிர்விக்க ஆற்று நீரை இழுக்கும்போது மீன் முட்டைகளும் குஞ்சுகளும் மடிவது பெரிய பிரச்சினையானது. 2010இல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை, நீர்த்தரச் சான்றிதழைத் தர மறுத்தது. இங்கே கவனிக்க வேண்டியது, மத்திய ஆணையத்திடம் கிடைக்காத பிடி மாநிலச் சட்டத்தில் கிடைத்தது என்பதே. 2017இல் உடன்பாடு ஏற்பட்டு, ஓர் உலை 2020 ஏப்ரலிலும் மற்றொன்று 2021 ஏப்ரலிலும் மூடப்பட்டன. மறுபக்கமும் உண்டு. மூடிய பிறகு அந்த இடத்தைப் பெரிதும் நிரப்பியது எரிவாயு மின்சாரம். மூட வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் அதைக் காட்டி இன்றும் வாதிடுகிறார்கள்.

*பிரேரி ஐலண்ட், மினசோட்டா.* மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள இந்நிலையத்தின் வேலியை ஒட்டியே பூர்வகுடி சமூகம் ஒன்று வாழ்கிறது. அச்சமூகம் கூட்டத்தில் 3 நிமிடம் பேசிவிட்டுப் போவதோடு நிற்கவில்லை. ஆணையத்தோடு ஒப்பந்தம் செய்து கொண்டு, தங்கள் நிலம், தொல்சின்னம், வாழ்க்கை நிலை பற்றிய பகுதிகளைத் தயாரிப்பதில் ஒத்துழைக்கும் தரப்பாக உள்ளே அமர்ந்தது. உரிமம் 2011இல் நீட்டிக்கப்பட்டது. ஆனால் அறிக்கையில் அவர்களின் நிலத்தைப் பற்றிய பேச்சு அவர்களைக் கேட்டே எழுதப்பட்டது.

*கழிவு.* தீர்ந்துபோன எரிபொருளை நிரந்தரமாக எங்கே வைப்பது என்பதற்கு அமெரிக்காவிடம் இன்னும் விடை இல்லை. நிலையத்தின் வளாகத்திலேயே கிடக்கிறது. “அதனால் பாதகமில்லை” என்ற ஆணையத்தின் பொது விதியை எதிர்த்து நான்கு மாநிலங்களும், பிரேரி ஐலண்ட் சமூகமும், சுற்றுச்சூழல் அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. 2012 ஜூனில் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. புதிய விதி 2014இல் வரும்வரை உரிமங்களுக்கான இறுதி முடிவுகளை ஆணையம் நிறுத்தி வைத்தது. இடையில் 13 பொதுக்கூட்டங்கள் நடந்தன. வந்து சேர்ந்த கருத்துகள் 33,000க்கும் மேல்.

எப்படி எழுதினால் எடுபடும்?

இத்தனை ஆண்டு அனுபவத்தில் தெரிவது இதுதான். ஒரே கடிதத்தில் ஆயிரம் பேர் கையெழுத்திட்டால், மக்கள் அக்கறையாக இருக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் பதில் எழுதும் அதிகாரிக்கு அது ஒரே கருத்துதான். பத்துப் பேர் பத்து வெவ்வேறு உண்மைகளை எழுதினால், பத்துக்கும் பதில் தேட வேண்டும்.

“எங்களுக்குப் பயமாக இருக்கிறது” என்பது நியாயமான உணர்வு. ஆனால் அதற்கு “உங்கள் கருத்து குறித்துக் கொள்ளப்பட்டது” என்பதே பதிலாக வரும். மாறாக, “வரைவின் இந்தப் பக்கத்தில் இந்த ஓடையில் மீன்பிடிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குடும்பங்கள் இன்ன மாதத்தில் இங்கே மீன் பிடித்து உண்கின்றன. உங்கள் கணக்கில் அது சேர்க்கப்படவில்லை” என்று எழுதினால், அதை ஒதுக்குவது கடினம். இடத்தைச் சொல்லுங்கள், காலத்தைச் சொல்லுங்கள், எந்த வரி தவறு என்று சொல்லுங்கள், என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லுங்கள். பட்டம் பெற்ற நிபுணருக்கு அந்த ஓடையின் பழக்கம் தெரியாது. அங்கே குடியிருப்பவருக்குத் தெரியும்.

ஆதரிப்பவர்களுக்கும் இதே விதிதான். நிலையத்தில் வேலை செய்யும் தொழிலாளர், அதன் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி, கடைக்காரர் ஆகியோரும் கூட்டத்திற்கு வந்து பேசுகிறார்கள். அவர்கள் தரும் தகவலும் அறிக்கையில் ஏறுகிறது.

மாறி வரும் காற்று

நடைமுறை இப்போது சுருங்கும் திசையில் செல்கிறது. 2023இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், பெரிய சுற்றுச்சூழல் அறிக்கைக்கு 2 ஆண்டு என்று கெடு வைத்து, பக்க எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டியது. 2025 மே மாதம் வெளியான அதிபர் உத்தரவு, இயங்கும் உலையின் நீட்டிப்பு விண்ணப்பத்தை 1 ஆண்டுக்குள் முடிக்கும்படி விதிகளைத் திருத்தச் சொன்னது. அதே மாதம் உச்சநீதிமன்றம், ஒரு ரயில் பாதை வழக்கில், சுற்றுச்சூழல் அறிக்கைகளை ஆராயும்போது அரசுத் துறையின் முடிவுக்கு நீதிமன்றங்கள் அதிக மதிப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காலம் குறைந்தால், அறிவிப்பு வந்த அன்றே விழித்துக் கொள்பவருக்கு மட்டுமே பேச நேரம் இருக்கும்.

நம் நாட்டுக்கு இதில் என்ன?

மலேசியாவில் அணுமின் நிலையம் இல்லை. ஆயினும் 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட 13ஆவது மலேசியத் திட்டத்தில் அணுசக்தி மீண்டும் பேசப்பட்டிருக்கிறது. அன்றைய அணு உலைத் தொழில்நுட்பம் தனக்குப் பொருந்தாது என்று 2012இல் முடிவு செய்த சிங்கப்பூரும், புதிய வகை உலைகளைக் கவனித்து வருகிறது.

கதிரியக்கமும் பொதுமக்களும் மோதிய அனுபவம் நமக்குப் புதிதல்ல. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் இயங்கிய ஏஷியன் ரேர் எர்த் தொழிற்சாலையின் தோரியக் கழிவை எதிர்த்து வட்டார மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994இல் தொழிற்சாலையே மூடப்பட்டது. குவாந்தான், கெபெங்கில் உள்ள லைனாஸ் ஆலைக்கு 2012இல் தற்காலிக இயக்க உரிமம் கிடைத்தது. அதன் பின்னர் உரிமம் புதுப்பிக்கப்படும் காலம் வரும்போதெல்லாம் கழிவு பற்றிய கேள்வியும் கூடவே வருகிறது.

நம் சட்டத்திலும் வாசல் உண்டு. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 2015ஆம் ஆண்டு உத்தரவின் இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டங்களின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அணுமின் நிலையம் கட்டுவதும் அந்த அட்டவணையில் அடங்கும். அறிவிப்பு நாளிதழில் வரும். அறிக்கையைப் படித்து, குறித்த நாளுக்குள் சுற்றுச்சூழல் துறைக்கு எழுத்து வழியாகக் கருத்து அனுப்பலாம். அணுசக்தித் திட்டத்திற்கு மட்டும் உரிய வழி அல்ல இது. குப்பை எரிஆலை, பெரிய தொழிற்பேட்டை, அணைக்கட்டு என்று எது தோட்டப்புறத்தின், தாமானின் அருகில் வந்தாலும், பட்டியலில் இருந்தால் அதே வாசல்தான்.

அமெரிக்க அனுபவம் நமக்குக் காட்டும் கணக்கு எளிமையானது. கூட்டத்தில் சத்தமாகப் பேசியவர்கள் பலர். அறிவிப்பைப் பார்த்தவர்கள் சிலர். வரைவைப் பக்கம் பக்கமாகப் படித்து, காலக்கெடுவுக்கு முன் ஆதாரத்தோடு எழுதியவர்கள் மிகச் சிலர். நீதிமன்றம் வரை சென்று விதியை மாற்றியதும், தேதியைத் திருத்த வைத்ததும் அந்த மிகச் சிலர்தான். உங்கள் வட்டாரத்தில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், கோயில் நிர்வாகமோ, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, குடியிருப்பாளர் சங்கமோ அறிக்கையை வாங்கி, படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் பக்கங்களைப் பிரித்துக் கொடுத்து, குறிப்பெடுக்கச் சொல்லலாம். முதலில் பார்க்க வேண்டிய வரி ஒன்று: கருத்து அனுப்பக் கடைசி நாள் எது?